நம் ஊர் குளச்சல்: இருப்பதும் காப்பதும்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில், விழாக் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)

 

யூபிலி மலருக்கு ஊரைப்பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, மறைக்கல்விப் பிள்ளைகளிடம் "நமது ஊர்" என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னோம். எல்லாரும் அழகாகத்தான் எழுதியிருந்தார்கள். கடல் இருக்கிறது, கோயில் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, பஸ் நிலையம் இருக்கிறது, சந்தை இருக்கிறது, வங்கி இருக்கிறது. இருக்கிறது, இருக்கிறது என்றே பக்கம் முடிந்தது. படித்து முடித்ததும் எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இவையெல்லாம் இருக்கின்றன, சரி. எப்படி வந்தன, யாருக்குப் பயன்படுகின்றன, யார் காக்கிறார்கள்? இதற்கு விடை சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

இருப்பிடம்

குளச்சல் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், நாகர்கோவிலிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள ஒரு சிறிய துறைமுக நகரம். தமிழ்நாட்டின் கடற்கரை 1,000 கி.மீட்டருக்கும் அதிக நீளமுடையது. அதில் பெரும்பகுதி கிழக்கே பார்த்தது. மேற்கே பார்த்த அரபிக்கடல் கரை நம் மாவட்டத்திற்கு மட்டுமே உரியது. சென்னைவாசி கடலில் சூரியன் எழுவதைக் காண்கிறார். நாமோ கடலில் சூரியன் இறங்குவதைக் காண்கிறோம்.

நமக்குத் தென்கிழக்கே கொட்டில்பாடு, மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, கடியப்பட்டணம், முட்டம். வடமேற்கே வாணியக்குடி, குறும்பனை, மிடாலம், இனயம், தேங்காய்ப்பட்டணம். ஊருக்கு ஊர் இடைவெளி தெரியாமல் வீடுகள் நிற்கும் கரை இது. பின்னால் தென்னந்தோப்புகள், அதற்கும் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிக் குன்றுகள்.

இந்த மலைகள் கரையில் நிற்பவருக்கு வெறும் காட்சி. கடலில் நிற்பவருக்கோ அவை வழிகாட்டி. நம் அப்பன் பாட்டன்மார் மீன் கிடக்கும் பாரையும் மடையையும் எப்படிக் குறித்து வைத்தார்கள்? ஒரு மலை முகட்டை ஓர் ஆலயக் கோபுரத்தோடு நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். வேறொரு திசையில் இன்னொரு குன்றை ஒரு தனிப் பனையோடு சேர்த்துப் பார்ப்பார்கள். இரண்டு கோடும் சந்திக்கும் இடமே அவர்கள் தேடிய இடம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று பிறரால் எண்ணப்பட்டவர்கள் கடலின்மேல் கணக்குப் போட்டார்கள். இன்று ஜி.பி.எஸ். கருவி செய்யும் வேலையை அன்று மலையும் கோபுரமும் செய்தன.

காற்றும் காலமும்

நம் கரை இரண்டு பருவமழையும் பெறும் கரை. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் கடல் சீறும். ஆனி ஆடி மாதங்களில் அலை வீட்டு வாசலைத் தட்டும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை. கடல் கொடுக்கும் காலமும் உண்டு, கொடாத காலமும் உண்டு. சாளையும் நெத்தோலியும் அயிலையும் கணவாயும் வந்து குவியும் நாளில் கையில் காசு புழங்கும். கடல் அடைத்த நாளில் அடகுக் கடை வாசலில் நிற்போம்.

ஒரே மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலம் இருப்பது நம் நிலவியலின் விந்தை. சின்னமுட்டத்து விசைப்படகுகள் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் நிற்கும். நம் விசைப்படகுகள் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நிற்கும். இரண்டும் 61 நாட்கள். மீன் குஞ்சு பெருகட்டும் என்று கடலுக்கு ஓய்வு கொடுப்பதே நோக்கம்.

மணலையும் சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சிக் கரையில் கருப்பும் சிவப்புமாகக் கிடக்கும் மணல் சாதாரண மணல் அன்று. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றுப் பொருளில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் இங்கே மோனசைட் இருப்பதை அறிந்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. கூடவே இல்மனைட்டும் சிர்கானும் கார்னெட்டும் உண்டு. நாம் காலில் மிதிக்கும் மண்ணுக்காக அயல்நாட்டார் கடல் தாண்டி வந்தார்கள்.

பாறை தந்த துறைமுகம்

குளச்சலைக் குளச்சலாக ஆக்கியது எது என்று கேட்டால், கரைக்குச் சற்று அப்பால் கடலில் நிற்கும் பாறைகள் என்போம். அலையின் வேகத்தை அவை உடைத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் சற்று அடங்கி நிற்கும். மனிதன் கல் போட்டு அலைத்தடுப்புச் சுவர் கட்டுமுன்பே இறைவன் கட்டிக்கொடுத்த சுவர் அது. ஆகவேதான் மரக்கலங்கள் இங்கே ஒதுங்கின.

ஒதுங்கியவர்களில் நண்பர்களும் உண்டு, பகைவர்களும் உண்டு. மிளகு வாணிகத்தின்மேல் கண் வைத்த டச்சுக்காரர் குளச்சலில் படை இறக்கினார்கள். 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா அவர்களை இங்கே முறியடித்தார். அப்போரில் கடற்கரை மக்களும் மன்னருக்குத் துணை நின்றதாக நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. போரின் நினைவாக நிறுத்திய வெற்றித் தூணை நாள்தோறும் கடந்து போகிறோம். நின்று பார்ப்பவர் சிலரே.

அப்போரில் பிடிபட்டவர் தெ லனாய். கைதியாக நின்றவரே பின்னர் மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்து, "வலிய கப்பித்தான்" எனப் பெயர் பெற்று, 1777-இல் இறக்கும்வரை இந்நாட்டுக்கே உழைத்தார். உதயகிரிக் கோட்டையில் உள்ள அவர் கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் வழியாகவே நீலகண்ட பிள்ளை என்ற அரண்மனை அலுவலர் கிறிஸ்துவை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, தேவசகாயம் ஆனார். 1752-இல் காற்றாடிமலையில் உயிர் கொடுத்தார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நாம் மணி அடித்து மகிழ்ந்தோம். அந்தத் தொடரின் முதல் கண்ணி நம் கடற்கரையில் கிடக்கிறது என்பதைப் பிள்ளைகள் நினைவில் வைக்கவேண்டும்.

அதற்கும் முந்திய கண்ணி ஒன்று உண்டு. 1544-ஆம் ஆண்டின் இறுதியில் புனித சவேரியார் இந்தத் திருவிதாங்கூர்க் கரையில் நடந்து, ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் திருமுழுக்கு அளித்ததாகத் தம் கடிதத்தில் எழுதியுள்ளார். அன்று அவர் நடந்த மணலில் நாம் இன்று சாலை போட்டிருக்கிறோம்.

வசதிகள்

1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் குளச்சல் தொகுதி அனுப்பிய லூர்தம்மாள் சைமன், பெருந்தலைவர் காமராசரின் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறை அமைச்சரானார். பெண்கள் பொதுமேடை ஏறத் தயங்கிய காலத்தில், கடற்கரைத் தொகுதி ஒன்று ஒரு பெண்மணியைக் கோட்டைக்கு அனுப்பியது என்பது நமக்குப் பெருமை.

1979-இல் திருவனந்தபுரம் – கன்னியாகுமரி ரயில் பாதை திறக்கப்பட்டது. நமக்கு அருகில் இரணியல் நிலையம். சாலை வழியே நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் பஸ் உண்டு. நகராட்சி உண்டு, அரசு மருத்துவமனை உண்டு, மீன்பிடித் துறைமுகம் உண்டு. கட்டுமரம் போய் ஃபைபர் வள்ளம் வந்தது. துடுப்புப் போய் எஞ்சின் வந்தது. கரையில் விலையைத் தாமே வைத்த வட்டிக்காரர் பிடியிலிருந்து விடுபட, இக்கடற்கரையில் மீனவர் சங்கங்கள் எழுந்தன. பிடித்தவனே ஏலத்தில் விலை பேசும் உரிமையும், சேமிப்பும் கடனும் சங்கம் வழியே என்ற முறையும் அப்படித்தான் வந்தன. எதுவும் தானாக வந்து விழவில்லை. கேட்டவர்கள் இருந்தார்கள், பலமுறை நடந்தவர்கள் இருந்தார்கள்.

ஆனால் வசதி இருப்பது வேறு, அது எல்லாருக்கும் கிடைப்பது வேறு. 2021 டிசம்பரில் நம் பஸ் நிலையத்திலேயே, மீன் விற்றுத் திரும்பிய ஒரு முதிய தாயை, நாற்றம் என்று சொல்லிப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் அழுது நியாயம் கேட்ட காட்சி நாடெங்கும் பரவியது. தவறு செய்தோர்மேல் நடவடிக்கையும் எடுத்தார்கள். ஆனாலும் நாம் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தத் தாய் இறக்கப்பட்ட அன்று மட்டும்தானா அப்படி நடந்தது? கடவம் சுமந்த நம் அம்மாமாரும் அக்காமாரும் எத்தனை நாள் வாய் திறக்காமல் நடந்தே வந்திருப்பார்கள்! பஸ் இருக்கிறது என்று எழுதிய பிள்ளைகள் இதையும் சேர்த்து எழுதவேண்டும்: கடவத்தோடு வரும் தாய் ஏறி உட்காரும்போதுதான் அது நம் ஊர் பஸ்.

கரையைக் காக்கும் கல்லைப்பற்றியும் ஒரு சொல். கடலரிப்பு வந்தால் "தூண்டில் வளைவு வேண்டும்" என்று கேட்கிறோம். நியாயமான கோரிக்கைதான். ஆனால் தூண்டில் வளைவு கரையோரமாக நகரும் மணலைத் தடுத்து ஒரு பக்கம் சேர்க்கும். மறுபக்கம் மணல் வரத்துக் குறைந்து அடுத்த ஊரை அரிக்கும். எனவே ஊருக்கு ஊர் தனித்தனியே கேட்டால் ஒருவர் வீட்டைக் காக்க மற்றவர் வீட்டை இடிப்பதாக முடியும். கரை முழுவதும் ஒன்றாக அமர்ந்து பேசியே கேட்கவேண்டும்.

கால்வாய் சொல்லும் பாடம்

இப்போது, நாங்கள் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறோம். பிள்ளைகள் எழுதிய எந்தப் பக்கத்திலும் ஏ.வி.எம். கால்வாய் இல்லை. ஓரிருவர் "சாக்கடை" என்று எழுதியிருந்தார்கள்.

அனந்தன், விக்டோரியா, மார்த்தாண்டன் என்ற மூன்று பெயர்களைச் சேர்த்து அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1860-இல் வெட்டத் தொடங்கினார்கள். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிவரை உள்நாட்டு நீர்வழி அமைப்பதே திட்டம். கன்னியாகுமரிவரை அது போய்ச் சேரவில்லை. என்றாலும் பூவாற்றிலிருந்து நம் குளச்சல் வழியாக மண்டைக்காடு பக்கம்வரை தண்ணீர் ஓடியது. சாலையில் லாரி வராத காலத்தில் உப்பும் தேங்காயும் கயிறும் அதில் வள்ளத்தில் போயின. கடற்கரைக்கும் ஊருக்கும் நடுவே, கடலுக்கு இணையாக ஓடிய அந்தக் கால்வாய் அக்காலத்தின் நெடுஞ்சாலை.

லாரி வந்தது, கால்வாயை மறந்தோம். மண் விழுந்தது, பாசி படர்ந்தது, குப்பை சேர்ந்தது, ஓரங்கள் சுருங்கின. நீர்வழியாக இருந்தது சேற்றுக் குழியாயிற்று.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துபிறப்பு விழாவின் மறுநாள். குடிலின் நட்சத்திரம்கூட இறக்கவில்லை. அன்று காலை சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. நம் கரையோ மேற்கே பார்த்தது. கிழக்கேயிருந்து வந்த அலை நம்மை எப்படித் தொட்டது என்று பலர் இன்றும் கேட்கிறார்கள். ஆழம் குறைந்த இடத்தில் அலையின் ஓட்டம் மந்தமாகும். அதனால் அது கரையை நோக்கி வளையும். இலங்கையையும் குமரிமுனையையும் சுற்றி வளைந்து அது நம் கரையைத் தாக்கியது. நமக்கு மறைவு இருக்கிறது என்று எண்ணிய கரையிலே நூற்றுக்கணக்கானோரை இழந்தோம்.

கடலைப் பார்த்தவர்கள் ஊரை நோக்கி ஓடினார்கள். ஓடியவர்களுக்கு எதிரே கால்வாய் கிடந்தது. பின்னால் கடல், முன்னால் சேறு. கடந்து போன தாய்மார் உண்டு; கைப்பிள்ளையோடு அதிலே விழுந்தவர்கள் அதைவிட அதிகம். உடல்களைக் கால்வாயிலிருந்து எடுத்த கைகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன. அவர்கள் அதைப்பற்றிப் பேசுவதில்லை. காணிக்கை மாதா ஆலயக் கல்லறைத் தோட்டத்தில், பெட்டி இல்லாமல், பெயர் வாசிக்கவும் நேரமில்லாமல் சேர்த்து அடக்கம் செய்தோம்.

அன்பார்ந்தோரே, யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வெட்டியவர்கள் நம் நன்மைக்கே வெட்டினார்கள். வெட்டிய வசதியைக் காவாமல் விட்டதால், அதுவே நாம் ஓடும் வழியில் குழியாயிற்று. குப்பை கொட்டிய கைகளில் எங்கள் கைகளும் இருந்தன.

இனி என்ன?

அதன்பின் சில நன்மைகள் வந்தன. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கியது. அன்று இல்லாத எச்சரிக்கை இன்று உண்டு. ஆனால் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, செய்தி கரையில் இருந்தது. மக்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். நம் மாவட்டத்து மீனவர் பலர் திரும்பி வரவில்லை. எச்சரிக்கை புறப்படுவது வேறு, வந்து சேருவது வேறு என்பதை அன்று கற்றோம்.

பெரிய திட்டங்களும் வந்து போயின. 2016 ஜூலையில் இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. வீடும் கடலும் போய்விடும் என்று கரை மக்கள் எதிர்த்தார்கள். அங்கே துறைமுகம் எழவில்லை. 2025 மே மாதம் அண்டையிலுள்ள விழிஞ்ஞம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இவற்றின் நன்மை தீமைகளை அறிந்தவர்கள் பேசட்டும். நம் கைக்கு எட்டிய சிறு காரியங்களை நாம் பேசுவோம்.

இன்று நற்கருணை வகுப்பிலும் உறுதிபூசுதல் வகுப்பிலும் இருக்கும் பிள்ளைகள் ஒருவரும் 2004-ஐக் கண்டவர்கள் அல்லர். அவர்களுக்கு அது கல்லறைத் திருநாளில் கேட்கும் ஒரு கதை. தன் வீட்டிலிருந்து எந்தச் சந்து வழியே ஓடவேண்டும், எந்தப் பாலத்தில் கால்வாயைக் கடக்கவேண்டும், எந்த மேட்டில் நிற்கவேண்டும் என்று கேட்டுப் பார்த்தோம். பலருக்குத் தெரியவில்லை. ஊரில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிய பிள்ளைக்கு, உயிர் தப்பும் வழி தெரியவில்லை!

ஆகவே யூபிலி ஆண்டின் நினைவாக மூன்று காரியங்களை உங்கள்முன் வைக்கிறோம். செலவு அதிகமில்லை, மனம் வேண்டும்.

ஒன்று: ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று, நினைவுத் திருப்பலி முடிந்ததும், ஒவ்வொரு அன்பியமும் தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து பாலம்வரை, பாலத்திலிருந்து மேடுவரை நடக்கவேண்டும். முதியோரையும் நோயாளிகளையும் யார் தூக்குவது என்பதையும் அன்றே பேசி வைக்கவேண்டும். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது, உடனே மேட்டுக்கு ஓடவேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தரவேண்டும்.

இரண்டு: பாலத்துக்குப் போகும் சந்துகளை அடைக்காதிருப்போம். வலை காயப்போட, வண்டி நிறுத்த, படிக்கட்டு நீட்ட நாம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு முழமும் யாரோ ஒரு பிள்ளை ஓடவேண்டிய முழம்.

மூன்று: கால்வாயில் குப்பை கொட்டுவதை இன்றோடு நிறுத்துவோம். தூர்வாருவது அரசின் வேலை. அதைக் கேட்டு நாம் மனுக் கொடுப்போம். ஆனால் நாம் கொட்டிக்கொண்டே கேட்டால் கேட்கும் வாய்க்கு வலுவிருக்காது. இதற்குப் பங்கு மட்டும் போதாது. பள்ளிவாசல் தெருவும் கோயில் தெருவும் சேரவேண்டும். கால்வாய் எல்லார் வீட்டுக்குப் பின்னாலும்தான் ஓடுகிறது. அலை சாதி மதம் கேட்டு வரவில்லை.

அன்பார்ந்த பங்கு மக்களே! கடலில் நிற்கும் பாறை நாம் வைத்ததன்று. மலை நாம் எழுப்பியதன்று. காற்று நாம் அழைத்ததன்று. அவை இறைவன் கொடை. சாலையும் பாலமும் கால்வாயும் சங்கமும் மனிதர் உழைப்பு. கொடைக்கு நன்றி சொல்வோம். உழைப்பால் வந்ததைக் காத்து நம் பிள்ளைகள் கையில் கொடுப்போம். அடுத்த யூபிலிக்கு ஒரு பிள்ளை "நமது ஊர்" என்று எழுதும்போது, "எங்கள் ஊரில் ஒரு கால்வாய் இருக்கிறது, அதைக் கடக்கும் வழி எனக்குத் தெரியும்" என்று ஒரு வரி இருக்கட்டும். அதுவே நாம் கொண்டாடும் யூபிலிக்குச் சான்று.

காணிக்கை மாதா நம் கரையையும், கடலில் இருக்கும் நம் பிள்ளைகளையும் காப்பாளாக.